லைசென்ஸ் சுத்தம், வண்டி மேல் ஏழு ஃபைன்: மூன்று வருட அனுபவம்

போன வாரம் அக்கா மகன் போன் செய்தான். "மாமா, கம்பெனி கேப் ஓட்டச் சேரப் போறேன், லைசென்ஸ் மேல எதுவும் இல்லன்னு காட்டணுமாம், எங்க பாக்குறது?" என்று கேட்டான். போனில் சொல்ல ஆரம்பித்து அரை மணி நேரம் பேசிவிட்டேன், அவ்வளவு கோபம் எனக்குள் மிச்சம் இருந்திருக்கிறது. அதனால் இங்கேயும் எழுதிவிடுகிறேன்.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். மத்திய அரசின் பரிவாகன் இணையதளத்தில் லைசென்ஸ் எண்ணையும் பிறந்த தேதியையும் போட்டால் லைசென்ஸ் நடப்பில் இருக்கிறதா, எந்த வகை வண்டி ஓட்டலாம், எது வரை செல்லும் என்று எல்லாம் வந்துவிடும். அதன் எம்பரிவாகன் ஆப்பில் லைசென்ஸும் ஆர்சியும் (வண்டிப் பதிவுச் சான்று) ஏற்றி வைத்திருக்கிறேன். 2018 கடைசியிலிருந்தே இது அசல் காகிதத்துக்குச் சமம் என்று மத்திய மோட்டார் வாகன விதிகளில் இருக்கிறது. பெங்களூருவில் அல்சூர் ஏரிப் பக்கம் போலீஸ் இரண்டு முறை நிறுத்தினார்கள், இரண்டு முறையும் போனைக் காட்டினேன், பார்த்துவிட்டுப் போகச் சொல்லிவிட்டார்கள். பர்ஸில் அட்டை வைப்பதையே விட்டுவிட்டேன்.

இப்போது என் வயிற்றெரிச்சலுக்கு வருகிறேன். மூன்று வருஷமாக ஃபைன் ஏதும் இருக்கிறதா என்று நான் லைசென்ஸ் எண்ணைப் போட்டுத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒவ்வொரு முறையும் சுத்தம். சரி, ஒழுங்காகத்தான் ஓட்டுகிறோம் என்று நிம்மதியாக இருந்தேன். 2025 ஆகஸ்டில் கர்நாடக அரசு பழைய ஃபைன் பாக்கிகளுக்குப் பாதித் தள்ளுபடி அறிவித்தது, ஆகஸ்ட் 23 முதல் செப்டம்பர் 12 வரை. பக்கத்து வீட்டு அண்ணன், "உங்க வண்டி நம்பரையும் ஒரு தடவை போட்டுப் பாருங்க" என்றார். போட்டேன். ஏழு ஃபைன், ஒவ்வொன்றும் 500, மொத்தம் 3,500 ரூபாய்!

காரணம் எளிது, ஆனால் யாரும் சொல்வதில்லை. சிக்னலில் இருக்கும் கேமராவுக்கு நம்பர் பிளேட்தான் தெரியும், ஓட்டுகிறவர் யார் என்று தெரியாது. அதனால் ஃபைன் வண்டி எண் மேல் விழுகிறது. போலீஸ்காரர் நேரில் பிடித்து லைசென்ஸை வாங்கி எழுதினால்தான் அது லைசென்ஸ் எண்ணோடு சேரும். 2022 டிசம்பரிலிருந்து பெங்களூருவின் பெரிய சந்திப்புகளில் தானியங்கிக் கேமராக்கள் வந்துவிட்டன, இனி லைசென்ஸ் பக்கத்தை மட்டும் பார்ப்பது பாதி கணக்கைப் பார்ப்பது மாதிரி.

ஃபைனோடு இருந்த கேமராப் படங்களையும் திறந்து பார்த்தேன். ஒன்றில் முன் சக்கரம் வெள்ளைக் கோட்டைத் தாண்டி ஒரு அடி நிற்கிறது, கால் வைக்கும் இடத்தில் கீரைப் பை, பின்னால் என் மனைவி ஹெல்மெட் இல்லாமல், பச்சைத் துப்பட்டாவைத் தலைக்கு மேல் பிடித்துக்கொண்டு. மார்க்கெட்டிலிருந்து வீடு பத்து நிமிஷம்தானே என்று நினைத்த நாள். அதற்கு நான் ஒன்றும் பேச முடியாது, தப்பு என்னுடையது. மூன்று படங்களில் என் தம்பி. அவன் லைசென்ஸும் சுத்தமாகத்தான் இருக்கிறது, பாக்கி என் வண்டி மேல்.

ஆனால் மூன்று வருஷம் ஒரு எஸ்எம்எஸ் கூட ஏன் வரவில்லை? ஆர்சியில் இருந்த மொபைல் எண் என்னுடையது இல்லை. ஸ்கூட்டரை ஒரு பழைய வண்டிக் கடையில் வாங்கினேன், பெயர் மாற்றுவதற்கான ஃபார்ம் 29, 30 எல்லாம் அவர்களே பார்த்துக்கொண்டார்கள், பெயர் என் பெயருக்கு மாறியது, மொபைல் எண்ணை மட்டும் தங்கள் எண்ணாகவே போட்டுவிட்டார்கள். ஒவ்வொரு செய்தியும் அவர்களுக்குப் போயிருக்கிறது. ஒருவர்கூடக் கூப்பிட்டுச் சொல்லவில்லை. முதல் செய்தியிலேயே தெரிந்திருந்தால் வீட்டில் இன்னொரு ஹெல்மெட் வாங்கியிருப்பேன், இதுதான் எனக்கு ஆறவே மாட்டேன் என்கிறது.

பாதித் தள்ளுபடியில் 1,750 கட்டினேன். சேஸிஸ் எண், எஞ்சின் எண், பதிவுத் தேதி எல்லாம் போட்டு மொபைல் எண்ணையும் ஆன்லைனிலேயே மாற்றிவிட்டேன், பத்து நிமிஷ வேலை. இப்போது மாதத்தின் முதல் ஞாயிறு காபி குடிக்கும்போது வண்டி எண்ணைப் போட்டுப் பார்த்துவிடுகிறேன். வசதி நல்ல வசதி, படத்தோடு காட்டுகிறது, வரிசையில் நிற்க வேண்டாம். இருந்தாலும் மார்க் போடச் சொன்னால் பாதிதான் போடுவேன். என் பெயரில் இருக்கிற லைசென்ஸையும் வண்டியையும் ஒரே பக்கத்தில் காட்டாத வரை எனக்கு மனசு வராது.

அக்கா மகனிடம் சொன்னது இதுதான். லைசென்ஸ் பக்கத்தைக் கம்பெனிக்குக் கொடு, தப்பில்லை. ஆனால் வண்டிச் சாவியை வாங்குகிற அன்றே அந்த வண்டி எண்ணின் பாக்கியைப் பார்த்து ஸ்கிரீன்ஷாட் எடுத்து, தேதியோடு உன் சூப்பர்வைசருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடு. உனக்கு முன்னால் ஓட்டியவன் சிக்னல் தாண்டியது உன் சம்பளத்தில் பிடிபடக் கூடாது. நேற்று ராத்திரி படம் அனுப்பியிருந்தான். அந்த வண்டி மேல் ஏற்கனவே நான்கு இருக்கிறது.