கியர் இல்லாத லேடீஸ் சைக்கிள்: கொக்குவிலில் இருந்து ஒரு மதிப்பீடு

26 அங்குலச் சில்லு, முன்னால் கூடை, பின்னால் கரியர். கியரும் இல்லை, டிஸ்க் பிறேக்கும் இல்லை. யாழ்ப்பாணத்தில் ரீச்சர்மார் காலங்காலமாக உழக்கிய அதே லேடீஸ் சைக்கிளைத்தான் புதிதாக எடுத்து, கொக்குவிலில் இருந்து கச்சேரிக்கு, அதாவது மாவட்டச் செயலகத்துக்கு, ஓடுகிறேன்.

எங்கள் கந்தோரில் ஸ்கூட்டி இல்லாத பெண் நான்தான். "இன்னும் சைக்கிளோ?" என்பார்கள். 2022இல் பெற்றோல் வரிசை நீண்டபோது என் பழைய சைக்கிளை இரவல் கேட்டவர்களும் இவர்களேதான், அது வேறு கதை. சைக்கிள் கடைக்குப் போனால், "இப்ப எல்லாரும் கியர்தான் அக்கா எடுக்கினம்" என்றார் அங்கே நின்ற தம்பி.

பக்கத்து வீட்டுப் பெடியனின் 21 கியர் சைக்கிளை ஏற்கெனவே ஓடிப் பார்த்திருக்கிறேன். கே.கே.எஸ். வீதியால் டவுன் வரை ஒரே கியரில்தான் போனேன். மாற்ற வேண்டிய இடமே வரவில்லை. எங்கள் ஊரில் ஏற்றம் எங்கே இருக்கிறது? போதாததற்கு நடுவில் குறுக்குப் பார், செயினுக்குக் கவர் கிடையாது. சாறியோடு எப்படி ஏறுவது? எல்லாரும் எடுக்கட்டும், என் ரோட்டும் என் சாறியும் எனக்குத் தெரியும் என்று இதையே எடுத்தேன்.

இதில் எனக்கு மிகவும் பிடித்தது அந்தச் செயின் கவர்தான். பற்சில்லையும் சேர்த்து முழுக்க மூடியிருப்பதால் சாறிக் கரையில் ஒரு பொட்டுக் கிறீஸ்கூடப் படவில்லை. கூடையும் தாராளம். திருநெல்வேலிச் சந்தையில் வாங்கிய கீரை, கத்தரிக்காயோடு சாப்பாட்டுப் பெட்டியும் அடங்கும். முருங்கைக்காய் மட்டும் வெளியே நீட்டிக்கொண்டு நிற்கும்.

கியர் உதவும் இடம் ஒன்று உண்டு, அது காற்று. சோளகம் என்கிற தென்மேற்குக் காற்று அடிக்கிற ஆடியில் பண்ணைப் பாதையால் மண்டைதீவுப் பக்கம் போய்ப் பாருங்கள். இரண்டு பக்கமும் கடல், ஒரு மறைப்பும் இல்லை, பெடல் அசைய மறுக்கும். நான் இறங்கி உருட்டிக்கொண்டு நடப்பேன். ஹெல்மெட் போட்ட பெடியள் விர்ரென்று கடந்து போவார்கள். போகட்டுமே, திரும்பி வரும்போது அதே காற்று என்னைச் சும்மா தள்ளிக்கொண்டு வரும்.

அம்மாவுக்கு ஒரு முறைப்பாடு: டைனமோ இல்லையாம். 1990களில் போர்க்காலப் பொருளாதாரத் தடைக்குள், மோட்டார் சைக்கிள்கள் மண்ணெண்ணெயில் இருமிக்கொண்டு ஓடிய காலத்தில், சைக்கிளைக் கவிழ்த்து வைத்துச் சில்லைச் சுற்றி, டைனமோ மின்சாரத்தில் ரேடியோ செய்தி கேட்டவர் அவர். இதில் பற்றரி லைட்தான், அதையும் தனியாக வாங்க வேண்டும்.

குறைகள்? சீற் கல்லு மாதிரி. ஸ்ராண்ட் மணலில் புதைந்து சைக்கிள் சரிந்துவிடும். கடையில் பூட்டித் தந்தபடியே ஓடாதீர்கள். என்னுடையதில் பின் சில்லு நட் இறுகாமல் இருந்தது. தெரிந்த சைக்கிள் திருத்துபவரிடம் கொடுத்து, எல்லா நட்டையும் இறுக்கி, சில்லு நெளிவும் எடுத்துக்கொள்ளுங்கள். உயரமான ஆட்கள் வாங்க முன்பு ஒருக்கா ஓடிப் பாருங்கள், வளைவில் முழங்கால் ஹாண்டிலில் இடிக்கும்.