பராமரிப்புப் பதிவு மென்பொருள்: 14 மாதப் பயன்பாட்டுக்குப் பின்

பம்ப், மோட்டார், கம்ப்ரசர் எனச் சுமார் 180 இயந்திரங்களின் பராமரிப்புப் பதிவுகளை லாக் புக்கிலிருந்து இந்த மென்பொருளுக்கு மாற்றி 14 மாதங்கள் ஆகின்றன. இயந்திரம் நிற்கும் இடத்துக்கு ஓர் எண்ணும் இயந்திரத்துக்கு ஓர் எண்ணும் தனித்தனியே கொடுக்க முடிந்ததுதான் இதை வாங்கியதற்குக் காரணம்.

லாக் புக்கில் டேக் நம்பர் (இயந்திரம் நிற்கும் இடத்தின் எண்) வாரியாகவே எழுதிவந்தோம். மோட்டார் எரிந்தால் அதைக் கழற்றி ரீவைண்டிங்குக்கு (கம்பிச் சுருளைப் புதிதாகச் சுற்றுவதற்கு) அனுப்பிவிட்டு ஸ்பேரை மாட்டுவோம். சரியாகி வந்த மோட்டார் ஆறு மாதம் கழித்து வேறொரு பம்பில் ஏறும்போது, அதன் பழைய கதையெல்லாம் பழைய பக்கத்திலேயே தங்கிவிடும். இப்போது மோட்டாரின் சொந்த எண்ணான சீரியல் நம்பரைத் தட்டினால் அது எங்கெங்கே எத்தனை மணி நேரம் ஓடியது, எத்தனை முறை சுற்றப்பட்டது, கடைசியாகப் போட்ட பேரிங் 6309 சி3-யா (உள் இடைவெளி சற்றுக் கூடுதலான வகை), வெறும் 6309-ஆ என்பது வரை தெரிகிறது. சென்ற மாதம் ஒரு மோட்டாரின் மெகர் அளவுகள் (மின்காப்பு எதிர்ப்பு; குறைந்தால் காப்பு கெடுகிறது என்று பொருள்) 200, 90, 25 மெகாஓம் என இறங்கிவந்திருப்பதைத் திரையில் பார்த்தோம். தனித்தனியே பார்த்தால் ஒவ்வொன்றுமே ‘சரி’ என்று கையெழுத்துப் போடக்கூடிய அளவுதான். திறந்து பார்த்தபோது டெர்மினல் பாக்ஸின் கேஸ்கெட் விரிசல்விட்டு ஈரம் புகுந்திருந்தது. உலர்த்தி, கேஸ்கெட்டை மாற்றியதோடு வேலை முடிந்தது.

ஒர்க் ஆர்டரை (ஒவ்வொரு பழுதுவேலைக்கும் திறக்கும் பதிவை) முடிக்கும் திரை அத்தனை நன்றாக இல்லை. பழுதின் காரணத்தை நாற்பதுக்கு மேற்பட்ட வரிகளிலிருந்து தேர்ந்தெடுக்க வேண்டும். அவற்றில் முதல் வரியே ‘பிற’. இரவு ஷிப்ட் முடித்துக் கிளம்புகிறவர் வேறு எதைத் தட்டுவார்? பட்டியலை எட்டு வரியாகச் சுருக்கி, ‘பிற’ என்பதைக் கடைசிக்குத் தள்ளி, அதைத் தேர்ந்தெடுப்பவர் ஒரு வரியாவது எழுதியாக வேண்டும் என்று அமைத்த பிறகே அந்தப் பதிவுகள் உதவத் தொடங்கின.

‘மீதமுள்ள ஆயுள்’ என்ற பக்கத்தை நான் நம்புவதில்லை. வாங்கிய தேதியிலிருந்து ஆண்டுகளைக் கழித்து அது ஓர் எண்ணைக் காட்டுகிறது. விமானப் பாகங்களை ஆராய்ந்து, யுனைடெட் ஏர்லைன்ஸைச் சேர்ந்த நவ்லனும் ஹீப்பும் 1978-இல் அளித்த அறிக்கையிலேயே, வயது கூடக்கூடப் பழுதாகும் போக்கைக் காட்டியவை 11 சதவீதம் மட்டுமே என்றிருக்க, ஓடாமல் நிற்கும் ஸ்டாண்ட்பை கம்ப்ரசரையும் ஓயாமல் ஓடுவதையும் ஒரே கணக்கில் வைப்பது பொருந்தாது.

பதிவுகள் அனைத்தையும் எக்செல் கோப்பாக வெளியே எடுக்க முடிகிறது. புகைப்படங்கள் மட்டும் வருவதில்லை என்பதால், பெயர்ப்பலகைப் படங்களைத் தனி ஃபோல்டரிலும் சேமித்துவைக்கிறோம்.