காரைக்குடியில் யாராவது பாய்மரப் படகுப் பயணம் விற்றால்

மலேசியாவின் லங்காவியில் பாய்மரப் படகில் தீவு தீவாகப் போகலாம் என்று நம்பி, காரைக்குடியில் ஒரு டிராவல்ஸ் கடையில் 3,12,000 ரூபாய் கட்டி ஏமாந்துவிட்டு எழுதுகிறேன். நான், மனைவி, மச்சினன், அவன் மனைவி, ஆக நாலு பேர். விஷயம் நுகர்வோர் ஆணையத்துக்குப் போகிறது என்பதால் கடையின் பெயரைப் போடவில்லை.

எங்கள் ஐயா நாகப்பட்டினத்தில் ரஜூலா கப்பல் ஏறிப் பினாங்குக்குப் போய்வந்தவர். அந்தக் கதைகளைக் கேட்டு வளர்ந்தவனிடம் அந்தக் கடையில் இருந்த தம்பி "நாலு ராத்திரி கடல்லயே படுத்துத் தூங்கலாம்ணே" என்று சொன்னால் என்ன ஆகும்? அன்றைக்கே ஜிபேயில் முன்பணம் போய்விட்டது. கடைக் கணக்குக்குக்கூட இல்லை, அந்தத் தம்பியின் சொந்த நம்பருக்கு. ஜிஎஸ்டி பில் இல்லை. கொடுத்த வவுச்சரில் படகின் பெயரும் இல்லை.

பயணத்திட்டத்தில் முதல் நாளே தாய்லாந்தின் கோ லிப்பே தீவு, "2 மணி நேரம்" என்று போட்டிருந்தது. ஏமாற்று அந்த ஒரு வரியிலேயே இருந்திருக்கிறது. லங்காவியிலிருந்து கோ லிப்பே சுமார் 30 கடல் மைல். ஒரு கடல் மைல் 1.852 கிலோமீட்டர். முப்பது நாற்பது அடிப் பாய்மரப் படகு, காற்று ஒத்துழைத்தாலும் மணிக்கு ஐந்தாறு கடல் மைல்தான் போகும். ஆக ஐந்து, ஆறு மணி நேரம் ஆகும். இரண்டு மணி நேரத்துக்குள் போவது என்ஜின் வைத்த விரைவுப் படகு. அதன் நேரத்தை எடுத்துப் பாய்மரப் படகின் படத்துக்குக் கீழே ஒட்டியிருக்கிறார்கள். வட்டிக்கணக்கு மனக்கணக்காகப் போட்ட வீட்டில் பிறந்துவிட்டு இந்த வகுத்தலை நான் போட்டுப் பார்க்கவில்லை.

படத்தில் இருந்தது இரண்டு அடிப்பாகம் கொண்ட அகலமான கேட்டமரான். (நம் கட்டுமரம்தான் அந்தப் பெயரில் ஊர் சுற்றுகிறது.) துறையில் எங்களுக்காக நின்றது ஒற்றை அடிப்பாகமுள்ள பழைய படகு. பெரிய பாய் சுருட்டிக் கட்டிக் கிடந்தது, கிழிசலாம். கேப்டன் நல்ல மனிதர், அவரையும் ஏமாற்றியிருக்கிறார்கள். நாலு பேர் பக்கத்துத் தீவுகளைப் பார்த்துவிட்டுப் படகில் தூங்குவார்கள் என்பதற்கு மேல் அவருக்கு எதுவும் சொல்லப்படவில்லை. அவரிடம் வேலை பார்த்த சுங்கைப்பட்டாணித் தமிழ்ப் பையன்தான் விளக்கினான்: "அண்ணே, படகுல நாடு விட்டு நாடு போறதுன்னா துறைமுகம், சுங்கம், குடிநுழைவு மூணுலயும் எழுதிட்டுப் போகணும், அங்க போய் மறுபடி பதியணும். உங்களுக்கு ஒரு பேப்பரும் போடலையே."

அப்புறம் பருவம். நாங்கள் போனது காலாண்டு விடுமுறையில், செப்டம்பர் கடைசி. நம்மூரில் மழை என்றால் ஐப்பசி, கார்த்திகை. லங்காவியில் அது தென்மேற்குப் பருவத்தின் கடைசி. ஆண்டிலேயே அதிக மழை செப்டம்பர், அக்டோபரில்தான். கோ லிப்பே விரைவுப் படகையே அந்த மாதங்களில் பெரும்பாலும் நிறுத்தி வைப்பார்களாம். டிசம்பர் முதல் மார்ச் வரை வடகிழக்குக் காற்று, வறண்ட வானம். பாய் விரிக்க அதுதான் காலம். "அங்க மழையே கிடையாதுண்ணே" என்று அந்தத் தம்பி சொன்னது மட்டும் காதில் நிற்கிறது.

முதல் ராத்திரி ஒரு தீவின் மறைவில் நங்கூரம் போட்டுப் படுத்தோம். விடியற்காலை நாலு மணிக்கு மேற்கே மின்னி, பத்து நிமிடத்தில் காற்று வந்து அறைந்தது. மலாக்கா நீரிணைப் பக்கம் இதற்கு 'சுமத்ரா' என்றே பெயர். சுமத்ரா தீவுப் பக்கமிருந்து ராத்திரியிலும் விடியலிலும் வரும் சூறை. நங்கூரம் பிடிவிட்டு இழுபட, கேப்டன் என்ஜினைப் போட்டு மழையில் நின்றுகொண்டே படகைத் தாங்கினார். உள்ளே மச்சினன் மனைவி வாளியைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். என் மனைவி ஒரு வார்த்தை பேசவில்லை. அது அதைவிட மோசம். விடிந்ததும் கரைக்கு வந்து லாட்ஜ் பிடித்தோம்.

கழிப்பறையில் இருபது தடவை கைப்பம்பு அடித்தால்தான் தண்ணீர் போகும் என்பதை நான் புகாரில் சேர்க்கவில்லை. சின்னப் படகு என்றால் அப்படித்தான், குடிதண்ணீரும் தொட்டியளவுதான். முன்கூட்டிச் சொல்லாததுதான் தப்பு. 'சுத்த சைவம்' என்று சொன்னது முட்டையும் நூடுல்ஸுமாக முடிந்தது, சரி, போகட்டும்.

ஊர் திரும்பிச் சண்டை போட்டதில் 20,000 ரூபாய் வந்தது. மீதிக்கு "நாளைக்குண்ணே". 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதிந்தாயிற்று. அடுத்தது சிவகங்கை மாவட்ட ஆணையம். 5 லட்சம் வரை கட்டணம் இல்லை, இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். ஜிபே ரசீதும் வாட்ஸ்அப்பில் வந்த அந்த "2 மணி நேரம்" திட்டமும் பத்திரமாக இருக்கின்றன.

நேற்று அந்தப் பக்கம் போனேன். கடை வாசலில் அதே கேட்டமரான் படம் தொங்குகிறது. அதன்மேல் 'தீபாவளிச் சலுகை' என்று புதிதாக ஒட்டியிருக்கிறார்கள்.