கோர்ட் சாஃப்ட்வேருக்கு 'வெளி சப்போர்ட்' என்று வருகிறவர்களிடம் பாஸ்வேர்டைக் கொடுத்துவிடாதீர்கள்

தாராபுரத்தில் ஒரு சிவில் வக்கீலிடம் இருபத்திரண்டு வருடமாகக் குமாஸ்தாவாக இருக்கிறேன். கட்டு தூக்கி, வாய்தா குறித்து, நகல் மனு போட்டுப் பழகியவன். எங்கள் ஆபீஸ் ஏமாந்த கதையை வெளியில் சொல்ல வேண்டாம் என்றுதான் ஐயா சொன்னார். "வக்கீலே ஏமாந்துட்டான்னு ஊரு சிரிக்கும்பா" என்றார். ஆனால் அதே ஆட்கள் இப்போது காங்கேயம், உடுமலை பக்கம் சுற்றுவதாகக் கேள்விப்பட்டதும் மனசு கேட்கவில்லை. பெயர் போடாமல் எழுதுகிறேன்.

வழக்கை இணையத்தில் தாக்கல் செய்யும் இ-ஃபைலிங் வந்ததிலிருந்து ஐயாவுக்குத் தலைவலி. ஸ்கேன் பண்ணு, பி.டி.எஃப். ஆக்கு, ஓ.டி.பி. வரும்வரை காத்திரு, அது வந்து சேர்வதற்குள் பக்கம் காலாவதி ஆகிவிடும், மறுபடியும் முதலிலிருந்து. அவருக்கு 67 வயது. அந்த நேரம் பார்த்து கோவையிலிருந்து இரண்டு பேர் வந்தார்கள், கழுத்தில் அட்டை, அட்டையில் அரசு முத்திரை மாதிரி ஏதோ ஒன்று. மூத்தவர் காபி டம்ளரைக் கீழே வைக்காமலே பேசினார். "கோர்ட்ல கேஸ் விவரம் ஏத்துற சாஃப்ட்வேர், சி.ஐ.எஸ். இருக்குதுங்களே சார், அதோட உங்க ஆபீஸை நேரா லிங்க் பண்ணிக் குடுத்துருவோமுங்க. பெஞ்ச் கிளார்க் வாய்தா போட்ட அடுத்த நிமிசம் உங்க போன்ல வந்துரும்." அமைத்துக் கொடுக்க 28,000, வருடச் சந்தா 12,000, ஆக 40,000 ரூபாய். ஐயா அன்றைக்கே செக் எழுதினார்.

'நேரா லிங்க்' என்பதே பொய். இதைத் தெரிந்துகொள்ள எனக்கு எட்டு மாதமும் ஒரு கேஸும் ஆனது, உங்களுக்குச் சும்மா சொல்கிறேன். சி.ஐ.எஸ். என்பது தேசியத் தகவல் மையத்தின் புனே பிரிவு கட்டற்ற மென்பொருளை வைத்து உருவாக்கியது, நாடு முழுக்க மாவட்ட நீதிமன்றங்களிலும் அதற்குக் கீழ் உள்ளவற்றிலும் ஓடுவது அதுதான். 2007-ல் தொடங்கிய இ-கோர்ட்ஸ் திட்டத்தின் பகுதி, மேற்பார்வை உச்ச நீதிமன்றத்தின் இ-கமிட்டி. அதற்குள் நுழைவது கோர்ட் ஊழியர்கள் மட்டும். பெஞ்ச் கிளார்க் அன்றைய நடவடிக்கையையும் அடுத்த வாய்தாவையும் ஏற்றினால், அது இ-கோர்ட்ஸ் பொதுத் தளத்துக்கும் போன் ஆப்புக்கும் வரும், நானும் பார்க்கலாம், நீங்களும் பார்க்கலாம், வழக்கில் எதிர்த்தரப்பான எதிர்க்கட்சிக்காரரும் பார்க்கலாம். காசு கிடையாது. 2023-ல் மூன்றாம் கட்டத்துக்கு மட்டும் 7,210 கோடி ஒதுக்கி மக்களுக்குச் சும்மா திறந்துவிட்டதை எங்களுக்கு 40,000-க்கு விற்றிருக்கிறார்கள். அவர்கள் செய்தது அந்தப் பொதுத் தளத்தில் கேஸ் எண்ணைப் போட்டு, அங்கே கோணல்மாணலாகக் காட்டும் எழுத்துகளைத் தட்டி, வந்த தேதியை எங்கள் திரைக்கு மாற்றியதுதான்.

சந்தேகப்பட வேண்டிய இடம் முதல் வாரத்திலேயே வந்தது. அவர்கள் பையன் கேஸ்களை ஏற்றும்போது தாராபுரத்தை ஈரோடு மாவட்டத்தில் தேடிக்கொண்டிருந்தான். திருப்பூர் மாவட்டம் பிரிந்து தாராபுரம் அதில் போனது 2009-ல். "தம்பி, அது திருப்பூர்" என்றேன். "எங்க லிஸ்ட்ல அப்படித்தானுங்ணா இருக்குது, நான் மாத்திக்கறேன்" என்றான். கோர்ட்டோடு நேரடித் தொடர்பு வைத்திருக்கிறவன் பட்டியல் எதற்கு இத்தனை வருடம் பழசாக இருக்கிறது என்று நான் கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை, டீ வாங்கிக் கொடுத்தேன்.

கேஸ் 340. எங்கள் டைரியைப் பார்த்துக் கட்சிக்காரர் பெயர், போன் நம்பர், கேஸ் எண் எல்லாம் அவர்களே தட்டச்சு செய்தார்கள். இங்கேதான் வினை.

ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் ஒரு பெரியவர் போன் பண்ணினார். பங்காளியோடு இட்டேரி வழக்கு, வண்டி போகிற தடத்தை வேலி போட்டு மறித்துவிட்டார்கள் என்று முன்சீப் கோர்ட்டில் நாங்கள் போட்டது. "ஏனுங் தம்பி, எங்க கேசு போயிருச்சாமா? சந்தையில நாலு பேரு முன்னால அவன் சொல்லிச் சிரிக்கறான்." இல்லீங்க, வாய்தா அடுத்த மாதம்தான் என்று திரையைப் பார்த்தே தைரியமாகச் சொன்னேன். சொல்லி வைத்துவிட்டு, சரி எதற்கும் என்று கோர்ட்டுக்கு நடந்து போய்ப் பார்த்தால், இருபத்திரண்டு நாளைக்கு முன்னாடியே டிஸ்மிஸ் ஃபார் டீபால்ட், அதாவது ஆஜராகாததால் வழக்குத் தள்ளுபடி. எதிர்க்கட்சி ஆஜர், வாதி கூப்பிட்டும் வரவில்லை. அன்றைக்கு வெயில்கூட இல்லை, எனக்குச் சட்டை முழுக்க நனைந்துவிட்டது.

என்ன நடந்தது என்று உட்கார்ந்து தோண்டினோம். ஒரே ஊரில் முன்சீப் கோர்ட்டிலும் ஓ.எஸ். எண், அதாவது அசல் வழக்கு எண் உண்டு, சப் கோர்ட்டிலும் உண்டு, இரண்டும் வருடா வருடம் ஒன்றிலிருந்து தொடங்கும். எங்கள் இட்டேரி வழக்கின் அதே எண்ணில், அதே வருடத்தில், சப் கோர்ட்டில் யாரோ ஒருவரின் பாகப்பிரிவினை வழக்கு. அந்தப் பையன் ஏற்றும்போது கோர்ட்டை மாற்றித் தேர்ந்தெடுத்துவிட்டான். திரையில் கட்சிக்காரர் பெயர் நாங்கள் சொன்னபடி சரியாகத்தான் தெரியும், ஏனென்றால் அதை அவர்கள் தட்டச்சு செய்தார்கள். தேதி மட்டும் ஊரான் வீட்டுத் தேதி. பெயர் சரியாக இருந்ததால் ஒரு நாளும் சந்தேகம் வரவில்லை.

இந்தக் குழப்பம் வரக்கூடாது என்றுதான் ஒவ்வொரு வழக்குக்கும் சி.என்.ஆர். எண் கொடுக்கிறார்கள். பதினாறு இடம். முதல் இரண்டு எழுத்து மாநிலம், அடுத்த இரண்டு மாவட்டம், பிறகு இரண்டு இலக்கம் எந்த நீதிமன்றம், ஆறு இலக்கம் வரிசை எண், கடைசி நான்கு வருடம். நாட்டில் இன்னொரு வழக்குக்கு அதே எண் கிடையாது. அதை வைத்து ஏற்றியிருந்தால் தப்பே நடந்திருக்காது. பதினாறு இடம் தட்டச்சு செய்யச் சோம்பல், அவ்வளவுதான். மற்ற கேஸ்களையும் சரிபார்த்தோம், இன்னும் பதினொன்று இப்படி மாறிக் கிடந்தது, நல்லவேளையாக அவற்றில் வாய்தா தாண்டவில்லை.

இதைவிடப் பயந்தது வேறு. ஐயாவின் இ-ஃபைலிங் கணக்கில் பதிவு செய்த மொபைல் எண்ணை அவர்கள் எண்ணாக மாற்றி வைத்திருந்தார்கள். "ஓ.டி.பி. தொல்லை சாருக்கு இருக்காதுங்க" என்று சொல்லிச் செய்தது, நாங்களும் தலையாட்டியதுதான். பென் டிரைவ் மாதிரி இருக்கும் டிஜிட்டல் கையெழுத்து டோக்கன் மூன்று நாள் அவர்கள் கையில் இருந்தது. அதன் பாஸ்வேர்டை ஒரு துண்டுச்சீட்டில் எழுதி, டோக்கனோடு ரப்பர் பேண்டு போட்டுக் கொடுத்தவன் நான்தான். அந்த டோக்கன் ஐயாவின் கையெழுத்து. வெற்றுப் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டு நீட்டினமாதிரி. தகவல் தொழில்நுட்பச் சட்டம் 42-வது பிரிவுப்படி அதைப் பத்திரமாக வைத்திருக்க வேண்டிய கடமை கையெழுத்துக்காரருக்கு. அடுத்தவர் டிஜிட்டல் கையெழுத்தையோ பாஸ்வேர்டையோ மோசடியாகப் பயன்படுத்தினால் 66சி பிரிவில் மூன்று வருடம் வரை சிறை, ஒரு லட்சம் வரை அபராதம். அவர்கள் தப்பாகப் பயன்படுத்தினார்களா என்பதற்கு என்னிடம் ஆதாரம் இல்லை, அதனால் அப்படிச் சொல்ல மாட்டேன். டோக்கனை ரத்து செய்து புதிதாக வாங்கிவிட்டோம்.

சரி, எங்கள் தகவலைத் திருப்பிக் கொடுங்கள் என்றோம். 'எக்ஸ்போர்ட் சார்ஜ்' 9,500 ரூபாய் என்றார்கள். எங்கள் டைரியிலிருந்து எடுத்த எங்கள் தகவல்! போன் எடுப்பதை நிறுத்தினார்கள். ஐயா நோட்டீஸ் விட்டார். அவர்களும் வக்கீல் வைத்துப் பதில் விட்டார்கள், ஒப்பந்தத்தின் ஐந்தாவது பக்கத்தைக் காட்டி: 'தேதிகளைச் சரிபார்க்கும் பொறுப்பு வாடிக்கையாளருடையது.' ஏழு பக்க ஒப்பந்தம், கையெழுத்துப் போட்டிருக்கிறோம், படிக்கவில்லை. ஊருக்கெல்லாம் 'படிக்காம கையெழுத்துப் போடாதீங்க' என்று சொல்கிற ஆபீஸ். கடைசியில் தகவல் வந்தது, எக்ஸெல்லாக இல்லை, பி.டி.எஃப்.-ஆக. இதற்கிடையில் எங்கள் கட்சிக்காரர்கள் மூன்று பேருக்கு, '99 ரூபாய் கட்டினால் உங்கள் கேஸ் வாய்தா உடனுக்குடன்' என்று மெசேஜ் வந்திருக்கிறது. எங்கிருந்து நம்பர் போனது என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

இட்டேரி வழக்கை மீட்க மனு போட்டாயிற்று. சிவில் நடைமுறைச் சட்டம், உத்தரவு 9, விதி 9. டிஸ்மிஸ் ஆன நாளிலிருந்து முப்பது நாள்தான் கெடு, எட்டு நாள் மிச்சத்தில் தாக்கல் செய்தோம். சந்தையில் அந்தப் பங்காளி வாயை மூடிக்கொண்டு சிரித்திருந்தால் அந்த எட்டு நாளும் போயிருக்கும், தாமத மன்னிப்பு மனுவும் சேர்த்துப் போட்டு அலைந்திருப்போம். இப்போது எதிர்க்கட்சி பதில் மனு போட டைம் கேட்டிருக்கிறது. பெரியவர் ஒன்றும் திட்டவில்லை, "பாத்துக்குங்க தம்பி" என்று மட்டும் சொன்னார், திட்டியிருந்தால் பரவாயில்லை.

இப்போது நாங்கள் செய்வது சாதாரண வேலை. இ-கோர்ட்ஸ் ஆப்பை என் போனிலும் ஜூனியர் அம்மா போனிலும் போட்டு, எல்லாக் கேஸையும் சி.என்.ஆர். எண்ணில் சேமிக்கிறோம். ஒரு விஷயம், சேமித்த பட்டியல் போனுக்குள்ளேதான் இருக்கும், போன் தொலைந்தால் அதுவும் போகும், அதனால் ஆப்பிலேயே இருக்கும் ஏற்றுமதி வசதியில் மாதம் ஒருமுறை கோப்பாக எடுத்து வைத்துக்கொள்கிறேன். இ-ஃபைலிங்கில் மாட்டிக்கொண்டால் கோர்ட் வளாகத்தில் இ-சேவை மையம் இருக்கிறதா என்று கேளுங்கள், உதவத்தான் அது, வழக்காளிகளுக்கும் சேர்த்து. ஐயாவின் கணக்கில் மொபைல் எண்ணைத் திரும்ப மாற்றுவதற்குக் கோர்ட் கம்ப்யூட்டர் பிரிவில் கடிதம் கொடுத்து இரண்டு தடவை அலைந்தேன், ஆனால் பொறுமையாகச் செய்து கொடுத்தார்கள், காசு கேட்கவில்லை.

வெளியாளே வேண்டாம் என்று சொல்லவில்லை. பிரின்டர், ஸ்கேனர், நெட்வொர்க் பார்க்க உள்ளூரில் ஒரு தம்பி வருகிறான், நல்ல பையன். அவன் வந்தாலும் டோக்கன் பீரோவில் இருக்கும், சாவி என் இடுப்பில்.

பணம் போயிருந்தால் உடனே சைபர் மோசடிப் புகார் எண் 1930-க்குப் போன் போட்டுச் சொல்லுங்கள், நாங்கள் செக்கில் கொடுத்து ஒப்பந்தமும் போட்டுவிட்டதால் வெறும் சேவைக் குறைபாடு என்று தட்டிவிடுவார்கள் என ஐயா நினைக்கிறார். நுகர்வோர் கமிஷனுக்குப் போகலாமா என்று யோசித்துக்கொண்டிருக்கிறார். அவர்கள் கொடுத்த பி.டி.எஃப்.-ஐப் பார்த்து 340-ல் 214 கேஸ் மறுபடி தட்டச்சு செய்தாயிற்று, மீதி பி.டி.எஃப். மேசை மேல் கிடக்கிறது.