சார்ம் துகளைப் பிடிக்க: ஹைப்ரிட் பிக்சலா, மோனோலிதிக் பிக்சலா?

முனைவர் பட்ட ஆய்வுக்குச் சேர்ந்தபோது எனக்கு முன்னால் இரண்டு வேலைகள் இருந்தன. ஒன்று, முதுகலையில் ஒன்றரை வருடம் பழகியிருந்த ஹைப்ரிட் பிக்சல் சென்சார் (துகள் கடந்த இடத்தைப் புள்ளியாகப் பதியும் சிலிக்கான் கருவி) சோதனை. மற்றது, மோனோலிதிக் பிக்சல் சென்சாரை நம்பி, கன அயனி மோதலில், அதாவது கனமான அணுக்கருக்களின் மோதலில், சார்ம் குவார்க்கைச் சுமக்கும் டி-ஜீரோ துகளைத் தேடுவது. யோசித்து இரண்டாவதை எடுத்தேன். "ரெண்டுமே சிலிக்கான் பிக்சல்தானே, அப்படி என்ன பெரிய வித்தியாசம்?" என்று அதன்பிறகு வந்த ஜூனியர்கள் ஒவ்வொருவரும் கேட்டார்கள். நியாயமான கேள்விதான். பதிலை ஒரே இடத்தில் எழுதி வைத்துவிடலாம் என்று தோன்றியது. என் சாய்வு மோனோலிதிக் பக்கம் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

சார்ம் எதற்கு என்பதைச் சுருக்கமாகப் பார்த்துவிடலாம். இரண்டு ஈய அணுக்கருக்களோ தங்க அணுக்கருக்களோ கிட்டத்தட்ட ஒளிவேகத்தில் மோதினால், புரோட்டான், நியூட்ரான்களுக்குள் கட்டுண்டிருக்கும் குவார்க்குகளும் அவற்றை ஒட்டவைக்கும் குளுவான்களும் கட்டவிழ்ந்து ஓடும் ஒரு குழம்பு கண நேரம் உருவாகிறது. குவார்க்கின் கனமான வகைகளில் ஒன்றான சார்மின் நிறை சுமார் 1.27 ஜிஇவி (துகள்களின் நிறையையும் உந்தத்தையும் சொல்ல நாங்கள் பயன்படுத்தும் அலகு). குழம்பின் சூட்டில் புதிதாகப் பிறக்க முடியாத அளவுக்கு அது கனம். மோதலின் முதல் தருணத்திலேயே பிறந்துவிடுகிறது. அப்புறம் குழம்பு முழுவதையும் கடந்து வெளியே வருகிறது. உள்ளே நடந்ததை ஆரம்பத்திலிருந்து பார்த்த சாட்சி அது.

ஆனால் அந்தச் சாட்சி நம் வாசல் வரை வருவதில்லை. டி-ஜீரோவின் சராசரி ஆயுளை ஒளிவேகத்தால் பெருக்கினால் 123 மைக்ரான்தான் (மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) வரும். சார்மைச் சுமக்கும் மற்ற துகள்களில் டி-பிளஸ்ஸுக்கு 312, லாம்டா-சிக்கு வெறும் 60. பெரும்பாலான கருவிகளில் சென்சாரின் முதல் அடுக்கோ மோதல் புள்ளியிலிருந்து 2 முதல் 4 சென்டிமீட்டர் தள்ளி நிற்கிறது. கற்றைக் குழாயின் வெற்றிடத்துக்குள்ளேயே டி-ஜீரோ சிதைந்து முடிந்துவிடும். நமக்குக் கிடைப்பது சிதைவில் பிறக்கும் அதன் பிள்ளைகளான கேயான், பயான் என்ற லேசான துகள்கள் சென்சார்களில் விட்டுப்போகும் புள்ளிகள் மட்டுமே. அந்தப் புள்ளிகள் வழியாகக் கோடு போட்டு, அதைப் பின்னோக்கி நீட்டி, இந்த இரண்டு கோடுகளும் மோதல் புள்ளியில் சேரவில்லை, நூறு மைக்ரான் போலத் தள்ளிச் சேர்கின்றன என்று காட்ட வேண்டும்.

அதையும் கூட்டத்துக்கு நடுவில் செய்ய வேண்டும். ஐரோப்பாவின் செர்ன் ஆய்வகத்திலுள்ள எல்எச்சி முடுக்கியில் ஈய அணுக்கருக்கள் நேருக்கு நேர் மோதினால், அதைப் பதியும் ஆலிஸ் கருவியின் மையப் பகுதிக்குள் மட்டுமே மூவாயிரத்துக்கும் மேற்பட்ட மின்னேற்றத் துகள்கள் பாய்கின்றன. எதிரெதிர் மின்னேற்றம் கொண்டவற்றை ஜோடி சேர்த்தால் ஒரே மோதலில் இருபது லட்சத்துக்கும் மேல் போலி ஜோடிகள் வரும். டி-ஜீரோவில் 25-ல் ஒன்றுதான் கேயான், பயான் என்ற இந்த வழியில் சிதைகிறது. அந்த நூறு மைக்ரான் விலகலைப் பார்க்க முடியாத கருவிக்கு, உண்மையும் போலியும் ஒன்றுதான்.

சரி, இனி போட்டியாளர்கள். ஹைப்ரிட்டில் துகள் படும் சென்சார் ஒரு சிலிக்கான் தகடு, சிக்னலைப் படிக்கும் சிப் இன்னொரு தகடு. இரண்டையும் ஒன்றின்மேல் ஒன்று வைத்து, ஒவ்வொரு பிக்சலுக்கும் ஒரு நுண்ணிய உலோக உருண்டையால் பற்றவைத்து இணைக்கிறார்கள். மோனோலிதிக்கில் இரண்டும் ஒரே சிப்புக்குள் அடக்கம். கேமரா சென்சார் மாதிரி என்று நினைத்துக்கொள்ளலாம். சிமாஸ் என்ற அதே சிப் தயாரிப்பு முறையின் வழியில் வந்ததுதான். பற்றவைக்கும் வேலை இல்லாததால் செலவும் குறைவு.

வேகத்தில் ஹைப்ரிட்தான் ஜெயிக்கிறது, சந்தேகமே இல்லை. எல்எச்சி-யில் 25 நானோ நொடிக்கு ஒருமுறை புரோட்டான் கற்றைகள் சந்திக்கின்றன. அந்தத் தாளத்துக்கு அது ஈடுகொடுக்கும். அமெரிக்காவின் ரிக் முடுக்கியிலுள்ள ஸ்டார் பரிசோதனையில் 2014 முதல் 2016 வரை ஓடிய மோனோலிதிக் சென்சார் ஒரு படத்தைச் சேர்க்க எடுத்துக்கொண்டது சுமார் 186 மைக்ரோ நொடி. நொடிக்கு 50,000 மோதல் நடந்தால் ஒரு படத்தில் சராசரியாக ஒன்பது மோதல் சேர்ந்து விழும். கதிர்வீச்சைத் தாங்குவதிலும் ஹைப்ரிட்தான் முன்னணி. எல்எச்சி-யின் அட்லஸ், சிஎம்எஸ் பரிசோதனைகள் இரண்டும் தங்கள் அடுத்த தலைமுறைப் பிக்சல் கருவிகளுக்கும் ஹைப்ரிட்டையே வைத்துக்கொண்டது அதனால்தான்.

இவ்வளவு இருந்தும் நான் மோனோலிதிக்கை எடுத்ததற்கு ஒரே காரணம் மெலிவு.

எல்லோரும் முதலில் பிக்சலின் அகலத்தைத்தான் பார்ப்பார்கள். நானும் அப்படித்தான் பார்த்தேன். 50 மைக்ரான் பிக்சல் என்றால் இடப் பிழை 14 மைக்ரான் அளவுக்கு வரும். 27 மைக்ரான் பிக்சல் என்றால் 8, நல்ல சிப்பில் 5. நல்ல முன்னேற்றம்தான், ஆனால் முடிவைத் தீர்மானிப்பது அது இல்லை. மின்னேற்றத் துகள் எந்தப் பொருளைக் கடந்தாலும், வழியிலுள்ள அணுக்கருக்களிடம் சிறு சிறு உதை வாங்கித் திசை மாறுகிறது. பொருள் தடித்திருந்தால் திருப்பம் கூடும், உந்தம் குறைந்திருந்தாலும் கூடும். முதல் அடுக்கில் துகள் திரும்பிவிட்டால், அடுத்த அடுக்குகளில் எவ்வளவு துல்லியமாகப் புள்ளி வைத்தாலும், பின்னோக்கி நீட்டும் கோடு தவறான இடத்துக்குத்தான் போகும்.

நான் தாளில் போட்டுப் பார்த்த கணக்கு இது. 0.5 ஜிஇவி உந்தம் உள்ள ஒரு பயான். ஆலிஸின் பழைய கருவியில் முதல் அடுக்கு ஹைப்ரிட். மோதல் புள்ளியிலிருந்து 3.9 சென்டிமீட்டர் தூரம், ஒரு அடுக்கின் தடிமன் கதிர்வீச்சு நீளத்தில் 1.14 சதவீதம் (ஒரு பொருள் துகளை எவ்வளவு திருப்பும் என்பதற்கான அளவுகோல் கதிர்வீச்சு நீளம்; அது குட்டையான பொருளில் திருப்பம் அதிகம்). வழக்கமான சூத்திரத்தில் போட்டால் திருப்பம் 2.5 மில்லி ரேடியன். 39 மில்லிமீட்டர் பின்னோக்கி நீட்டினால் பிழை 98 மைக்ரான். தேடும் விலகலே நூறு மைக்ரான், பிழையும் கிட்டத்தட்ட நூறு! அதே பயான் 2021-ல் பொருத்திய புதிய ஆலிஸ் கருவிக்குள் போகட்டும். ஆல்பைட் என்ற மோனோலிதிக் சிப், முதல் அடுக்கின் தடிமன் 0.36 சதவீதம், தூரம் 2.24 சென்டிமீட்டர். இப்போது பிழை 30 மைக்ரான். கற்றைக் குழாயும் தன் பங்குக்குத் திருப்பும். அதை இரண்டு கணக்கிலும் சேர்க்கவில்லை.

இந்த முன்னேற்றம் முழுவதும் மெலிவால் வந்தது என்று சொன்னால் தப்பு. குழாயின் ஆரத்தை 29 மில்லிமீட்டரிலிருந்து சுமார் 18-க்குக் குறைத்து, அடுக்கை உள்ளே தள்ளியதற்கும் பங்கு உண்டு. பழைய தூரத்திலேயே புதிய அடுக்கை வைத்திருந்தால் 52 மைக்ரான் வரும். அதாவது, தூரத்தைத் தொடாமலேயே பிழை பாதியாகிறது.

தடிமன் எங்கிருந்து வருகிறது என்பதைத்தான் நான் புரிந்துகொள்ளத் தாமதமானது. பழைய ஆலிஸ் அடுக்கில் சென்சார் 200 மைக்ரான், சிப் 150 மைக்ரான். இரண்டும் சேர்ந்தே 0.37 சதவீதம்தான். 1.14-ல் மீதி எல்லாம் குளிரூட்டும் குழாய், மின் பட்டை, தாங்கும் சட்டம், பசை. எனவே சிலிக்கானைச் சுரண்டி மெலிதாக்கினால் மட்டும் போதாது. சிப் மின்சாரத்தைக் குறைவாகத் தின்றால் சூடு குறையும், சூடு குறைந்தால் குழாய் மெலியும் அல்லது தேவையே இருக்காது, குழாய் போனால் சட்டமும் இளைக்கும். ஸ்டாரின் சென்சார்கள் சதுர சென்டிமீட்டருக்கு 170 மில்லிவாட் அளவில் ஓடியதால் வெறும் காற்றை ஊதியே குளிரவைத்தார்கள். குழாயும் இல்லை, திரவமும் இல்லை. சிப்பின் தடிமன் 50 மைக்ரான், ஓர் அடுக்கு முழுவதும் 0.4 சதவீதம். மின் பட்டையில்கூடக் கணக்குப் பார்த்து, உள் அடுக்கில் செம்புக்குப் பதில் அலுமினியம் போட்டார்கள். செம்பின் கதிர்வீச்சு நீளம் 1.4 சென்டிமீட்டர், அலுமினியத்துக்கு 8.9. ஒரே தடிமனுள்ள கம்பியில் ஆறு மடங்கு வித்தியாசம்.

50 மைக்ரான் சிலிக்கான் என்றால் என்ன என்பதைக் கையில் எடுத்தால்தான் தெரியும். ஹைப்ரிட் மாட்யூல் கண்ணாடிச் சில்லு மாதிரி விறைப்பாக இருக்கும். ஓரத்தைப் பிடித்துத் தூக்கலாம். மெலிந்த சிப்பை உறிஞ்சு முனையால் தூக்கும்போது அதன் நான்கு மூலைகளும் லேசாக மேலே சுருளும், ஏசி காற்று பட்டால் அதிரும். முதல் வாரத்தில் நான் ஒன்றை வைக்கும்போது அடியில் ஒரு தூசி இருந்திருக்கிறது. சத்தமே இல்லாமல் குறுக்கே ஒரு கோடு விழுந்தது. அன்றிலிருந்து மேடையைத் துடைக்காமல் நான் எதையும் வைப்பதில்லை.

இரண்டு தேர்வுகளும் பக்கத்துப் பக்கத்தில் நடந்த இடம் ஒன்று உண்டு, அமெரிக்காவின் புரூக்ஹேவனில் இருக்கும் ரிக் முடுக்கி. அதே வளையத்தில் ஃபீனிக்ஸ் குழு 2011-ல் ஹைப்ரிட் பிக்சலைப் பொருத்தியது. ஆலிஸ் பயன்படுத்திய அதே வகைச் சிப், 50-க்கு 425 மைக்ரான் பிக்சல். ஸ்டார் குழு 2014-ல் 20.7 மைக்ரான் மோனோலிதிக் பிக்சலைப் பொருத்தியது. ஃபீனிக்ஸ், சிதைவில் வரும் எலக்ட்ரான்களின் விலகலைப் பார்த்து, சார்ம் எவ்வளவு, அதைவிடக் கனமான பாட்டம் குவார்க் எவ்வளவு என்று பிரித்தது. நல்ல வேலை, ஆனால் எலக்ட்ரானைப் பார்த்துத் தாய்த் துகளின் உந்தத்தை நேராகச் சொல்ல முடியாது. ஸ்டார் டி-ஜீரோவையே முழுதாகக் கட்டியெழுப்பியது. குழம்பின் ஓட்டத்தில் சார்மும் லேசான துகள்களைப் போலவே அடித்துச் செல்லப்படுகிறது என்று 2017-ல் காட்டியது. 60 மைக்ரான் ஆயுளுள்ள லாம்டா-சியைத் தங்க மோதலில் பிடித்து, 3 முதல் 6 ஜிஇவி வரையிலான பகுதியில் அது டி-ஜீரோவுக்குக் கிட்டத்தட்டச் சமமான எண்ணிக்கையில் பிறக்கிறது என்று 2020-ல் வெளியிட்டது. சென்சார் மட்டும் இதற்குக் காரணமில்லை; ஃபீனிக்ஸின் பார்வைப் பரப்பு சிறியது, ஸ்டார் வட்டம் முழுவதையும் பார்க்கும். ஆனால் ஃபீனிக்ஸ் இருந்த கூடத்தில் பின்னால் வந்த எஸ்-ஃபீனிக்ஸ், உள் மூன்று அடுக்குகளுக்கு ஆல்பைட் மோனோலிதிக் சிப்பையே எடுத்துக்கொண்டது. என் முடிவுக்கு அது பெரிய பலமாக இருந்தது.

பராமரிப்பிலும் ஒரு வார்த்தை. ஸ்டாரின் பிக்சல் கருவி இரண்டு பாதிகளாகத் தண்டவாளத்தில் உள்ளே போய்க் கற்றைக் குழாயைச் சுற்றி மூடிக்கொள்ளும். பழுதானால் ஒரே நாளில் வெளியே இழுத்து மாற்றுக் கருவியைச் செருகிவிடலாம் என்ற கணக்கில் செய்தது. அந்த ஏற்பாடு அவசியம்தான், ஏனென்றால் மெலிந்த சிப்புக்கு அதற்கே உரிய நோய் உண்டு. 2014 ஓட்டத்தில் லேட்ச்-அப் என்ற திடீர் மின்னோட்டப் பாய்ச்சலில் சில சென்சார்கள் சேதமாயின. மின்னோட்ட வரம்பை இறுக்கியும், அவ்வப்போது சிப்புகளை மீட்டமைத்தும் அதை அடக்கினார்கள். ஹைப்ரிட்டின் பக்கம் நான் பார்த்த தொல்லை வேறு: பற்றவைத்த உருண்டை விட்டுப்போய்ப் பிக்சல்கள் செத்துப்போவது. பல வருடம் கதிர்வீச்சு வாங்கிக் கிழடான மோனோலிதிக் சென்சாரை நான் கையாண்டதில்லை. அதில் என் பேச்சைவிட நீண்ட நாள் ஓட்டியவர்கள் பேச்சுக்கு மதிப்புக் கொடுங்கள்.

ஹைப்ரிட்டை எங்கே எடுப்பேன் என்றும் சொல்ல வேண்டும். உயர் உந்தத்தில் உதையின் தாக்கம் கரைந்துவிடும். சிஎம்எஸ் ஈய மோதலில் டி-ஜீரோவை 2 முதல் 100 ஜிஇவி வரை அளந்தது ஹைப்ரிட் பிக்சலை வைத்துத்தான். எல்எச்சி-யின் இன்னொரு பரிசோதனையான எல்எச்சிபி-யில் துகள்கள் முன்னோக்கிப் பாய்வதால் டி-ஜீரோ சிதைவதற்குள் மில்லிமீட்டர் கணக்கில் ஓடிவிடுகிறது; 55 மைக்ரான் ஹைப்ரிட் பிக்சல்கள் கற்றையிலிருந்து 5.1 மில்லிமீட்டரில் நிற்கின்றன. அங்கே ஹைப்ரிட்டைக் குறைசொல்ல எதுவுமில்லை. பழைய கருவியை வைத்துக்கொண்டே ஆலிஸ் குழு, சிதைவுப் புள்ளியைத் தேடாமல், பின்னணியைக் கவனமாகக் கழித்து, ஈய மோதலில் டி-ஜீரோவை பூஜ்ஜிய உந்தம் வரை அளந்தும் காட்டியது. அந்த உழைப்பைப் பார்த்தவர்கள் எந்தச் சென்சாரையும் லேசாக ஒதுக்க மாட்டார்கள்.

ஆனால் குழம்போடு அதிகம் உறவாடிய சார்ம் இருப்பது 0 முதல் 3 ஜிஇவி வரைக்குள். என் ஆய்வுக் கேள்வியும் அங்கேதான் இருக்கிறது. அங்கே ஒவ்வொரு மைக்ரான் பொருளும் எதிரி. ஆலிஸின் அடுத்த மாற்றத்தில் உள் மூன்று அடுக்குகளுக்குச் சட்டமே கிட்டத்தட்ட இல்லாத வடிவமைப்பு: 50 மைக்ரானுக்கு மெலிந்த பெரிய சிலிக்கான் தகட்டையே குழாயைச் சுற்றி அரை உருளையாக வளைத்து, கார்பன் நுரையால் ஓரங்களில் தாங்குகிறார்கள். முதல் அடுக்கின் ஆரம் 19 மில்லிமீட்டர், தடிமன் 0.1 சதவீதத்துக்கும் கீழ், குளிரூட்ட மறுபடியும் வெறும் காற்று. 98 மைக்ரான் போட்ட அதே தாளில், அதே 0.5 ஜிஇவி பயானுக்கு இந்த எண்களைப் போட்டுப் பார்த்தேன். பன்னிரண்டு மைக்ரான் வந்தது. லாம்டா-சியின் 60 மைக்ரானில் ஐந்தில் ஒரு பங்கு.