பெலிகன் எம்800: பச்சையா, நீலமா, சிவப்பா, முழுக் கறுப்பா?

பெலிகன் கம்பெனியின் எம்800 மைப்பேனா வாங்குவது என்று முடிவாகிவிட்டால் அடுத்த தகராறு நிறத்தில்தான். நிப்பு மீடியமா ஃபைனா என்பதை அரை மணி நேரத்தில் முடிவு செய்கிறவர்கள்கூட நிறத்துக்கு மாசக்கணக்கில் இழுக்கிறார்கள். ஒரு மாதச் சம்பளத்தைக் கேட்கிற பேனா, இழுக்கத்தான் செய்வார்கள். அதிலும் வேலூர்க்காரர்களுக்கு ஒரு கூடுதல் சங்கடம். லாங்கு பஜார் ஸ்டேஷனரிக் கடைகளில் போய் நாலு நிறத்தையும் எடுத்துப் போடச் சொல்லிக் கையில் வாங்கிப் பார்க்க முடியாது. படத்தைப் பார்த்துத்தான் பணம் கட்ட வேண்டும்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். சட்டைப் பையில் குத்திவிட்டால் இந்த நாலும் ஒன்றுதான். மூடி கறுப்பு, கழுத்து கறுப்பு, பின்னால் மை உறிஞ்சுகிற பிஸ்டனைத் திருகுகிற குமிழ் கறுப்பு. கோடு கோடான நிறப் பட்டை ஓடுவது உடம்பில் மட்டும், அது பைக்குள் போய்விடும். வெளியே தெரிவது மூடியின் தலையும், கூழைக்கடா அலகு மாதிரி செய்திருக்கிற கிளிப்பும்தான். ஆகவே நாலு பேர் கண்ணில் படட்டும் என்று நினைக்கிறவர் நிறத்தை விட்டுவிட்டு, கிளிப்பு தங்க நிறமா வெள்ளி நிறமா என்பதை முதலில் தீர்மானிக்கட்டும். தங்க நிறம் என்றால் எம்800. வெள்ளி நிறம் என்றால் அதே பேனா எம்805 என்ற பெயரில் வருகிறது. ஸ்டீல் கடிகாரம் கட்டுகிறவர்கள் பலர் எம்805 பக்கம் சாய்வதைப் பார்த்திருக்கிறேன்.

பட்டையின் நிறம் எழுதுகிறவருக்கும் மேஜைக்கு எதிரே உட்கார்ந்திருப்பவருக்கும் மட்டும்தான். அந்தக் கணக்கில் பார்த்தால் என் ஓட்டு பச்சைக்கு.

பெலிகன் 1929இல் முதல் பிஸ்டன் பேனாவை விட்டது. பச்சைப் பட்டை பிரபலமானது 1950இல் வந்த 400 மாடலோடு. 1982இல் அந்த 400ஐ எம்400 என்று மறுபடி கொண்டுவந்தார்கள். 1987இல் அதன் பெரிய அண்ணனாக எம்800 வந்தது, உள்ளே பித்தளை பிஸ்டன் அமைப்பு, 18 காரட் தங்க நிப்பு. கையில் முப்பது கிராம் பக்கம் கனக்கும். எம்800 பட்டைகளில் பச்சைதான் மூத்த பிள்ளை, நீலமும் சிவப்பும் பிறகு சேர்ந்தவை.

பழம்பெருமைக்காக மட்டும் சொல்லவில்லை. அந்தப் பட்டைகள் மேலே பூசிய பெயின்ட் இல்லை. செல்லுலோஸ் அசிடேட்டில் கறுப்புக் கோடும் ஒளி ஊடுருவும் கோடும் மாறி மாறி இருக்கும். காலையில் ஜன்னல் பக்கம் தூக்கிப் பிடித்தால் பச்சைக் கோடுகள் வழியாக வெளிச்சம் வந்து, உள்ளே மை எதுவரை நிற்கிறது என்று தெரியும். பேனாவைச் சாய்த்தால் மையின் விளிம்பும் கோடுகளுக்குப் பின்னால் சாய்ந்து நகரும். பிஸ்டன் பேனாவில் கழற்றிப் பார்க்க கார்ட்ரிட்ஜ் கிடையாது, ஆகவே இது அழகுக்கு மட்டுமான சமாசாரம் இல்லை. பாதிக் கையெழுத்தில் மை தீராமல் காப்பாற்றுவது இந்தக் கோடுகள்தான்.

பச்சைக்கு நம்ம ஊரில் ஒரு உபரி மரியாதையும் உண்டு. கெஜட்டட் அதிகாரி பச்சை மையில் கையெழுத்துப் போடுகிற வழக்கம் ஊறிப்போனதால், பச்சைப் பேனாவைப் பார்த்ததும் "சார் எந்த டிபார்ட்மென்ட்?" என்று கேட்கிறவர்கள் இன்னமும் இருக்கிறார்கள். பேனா பச்சையாக இருந்தால் மையும் பச்சையாக இருக்க வேண்டும் என்று யார் சொன்னது?

நீலம் படத்தில் மனதை அள்ளும். நேரில் அடக்கம். நல்ல வெயிலில் ஆழ்ந்த நீலம். ட்யூப்லைட்டில் ஏறக்குறைய கறுப்பு. உள்ளே நீல மை இருந்தால் அளவு பார்ப்பதும் பச்சையைவிடச் சிரமம். இது குறை என்று நான் சொல்லமாட்டேன். ஆபீஸில் பேனாவைப் பற்றிப் பேச்சே எழக்கூடாது என்று நினைக்கிறவருக்கு, தனக்கு மட்டும் தெரிகிற நிறம் இது. ஆனால் படத்தில் பார்த்த அந்த நீலத்தை எதிர்பார்த்து வாங்கினால் மனசு கொஞ்சம் சுருங்கும்.

முழுக் கறுப்பை லேசாக எடுத்துக்கொள்ள வேண்டாம். உடம்பில் பட்டை இல்லாததால் மை பார்ப்பதற்கு என்று கழுத்துக்கு மேலே பச்சைச் சாயலில் கண்ணாடி மாதிரி ஒரு சின்ன வளையம் வைத்திருக்கிறார்கள். மூடியைத் திறந்தால் மட்டும் தெரியும். தங்க வளையங்கள் எடுப்பாக விழுவது கறுப்பில்தான். சிக்கல் வேறு இடத்தில். கல்யாணத்துக்கோ வேலை கிடைத்ததற்கோ பரிசாகக் கொடுக்கப்போகிறீர்கள் என்றால், வீட்டுப் பெரியவர்கள் "நல்ல காரியத்துக்குப் போய் கறுப்பா?" என்று முகம் சுளிப்பார்கள். தனக்கு வாங்குகிறவருக்கு அந்தத் தொல்லை இல்லை.

இடையில் ஒரு சாம்பல் குதிரை இருக்கிறது: எம்805 ஸ்ட்ரெஸ்மேன். சாம்பல் பட்டை, வெள்ளி நிறக் கிளிப்பு. ஜெர்மனியின் பழைய வெளியுறவு அமைச்சர் குஸ்டாவ் ஸ்ட்ரெஸ்மேன் போட்ட கோடு போட்ட கால்சட்டையை வைத்து வந்த பெயர். சத்துவாச்சாரி கோர்ட்டுக்குப் போகிற வக்கீல் நண்பர் ஒருவர் கேட்டபோது யோசிக்காமல் இதைத்தான் சொன்னேன். கறுப்பு கோட்டோடு கோடு போட்ட பேன்ட் வக்கீல் உடுப்பு விதியிலேயே உண்டு. "அப்ப பேனாவுக்கும் யூனிஃபார்மாண்ணே?" என்று சிரித்தார்.

சிவப்பு எனக்கு ஒட்டவில்லை. திருத்தின பரீட்சைத் தாள் ஞாபகம் வருகிறது. அவ்வளவுதான் காரணம், பேனாவின் மேல் பிழை இல்லை.

எந்த நிறமானாலும் நம்ம ஊர் வெயிலுக்கு இரண்டு காரியம் செய்ய வேண்டும். மே மாசத்தில் கார் டேஷ்போர்டில் போட்டுவிட்டுப் போகக்கூடாது. உள்ளே இருக்கிற காற்று சூட்டில் விரிந்து மையை மூடிக்குள் தள்ளிவிடும், பிளாஸ்டிக்குக்கும் அந்தச் சூடு நல்லதில்லை. கழுவும்போது போர் தண்ணீர் வேண்டாம், ஆர்.ஓ. தண்ணீர் போதும். உப்பு படிந்தால் பட்டை வழியாகத் தெரிகிற தெளிவு போய்விடும். சரஸ்வதி பூஜைக்குப் பேனாவை வைக்கிற வீடாக இருந்தால் சந்தனம் குங்குமத்தைப் பெட்டிக்கு வைக்கச் சொல்லுங்கள். மூடியின் வளையங்களுக்கு நடுவே காய்ந்த சந்தனத்தை எடுப்பது லேசில்லை, குச்சியால் நோண்டினால் பூச்சில் கீறல் விழும்.

நேரில் பார்க்காமல் வாங்குகிறவர்கள் விற்பவரிடம் மூன்று படம் கேளுங்கள்: மூடி போட்டது ஒன்று, ஜன்னல் வெளிச்சத்தில் மூடி கழற்றியது ஒன்று, ராத்திரி ட்யூப்லைட்டில் ஒன்று. நீலம் வாங்குவதாக இருந்தால் மூன்றாவது படம் வந்தபிறகு பணம் அனுப்புங்கள்.