ஃபீஸ் வாங்கிய வக்கீலும், இலவசமாக வந்த வக்கீலும்

முதலில் போன வக்கீல் ஆபீஸ் பெயர் வேண்டாம். விவாகரத்துக்கு நானும் கணவரும் பேசி முடிவெடுத்து, இரண்டு வருடமாகத் தனித்தனியாக இருந்து, இந்து திருமணச் சட்டம் 13பி-யில் (இருவரும் சம்மதித்துப் பிரிகிற பிரிவு) சேர்ந்து மனு போட்டால் போதும் என்கிற நிலையில் போனால், "எதுக்கும் ஜீவனாம்ச கேஸ் ஒண்ணு போட்டு வைப்போம்மா" என்கிறார். சண்டையே இல்லாத இடத்தில் மூட்டிவிட்டு ஃபீஸ் பார்க்கிற வேலை. ரசீது கேட்டதற்கு முறைத்தார் பாருங்கள்!

அப்புறம் அத்தை சொல்லி, கோர்ட் வளாகத்திலேயே இருக்கிற சட்டப்பணிகள் ஆணைக்குழுவுக்குப் போனேன். பெண்களுக்கு வருமானம் எவ்வளவு இருந்தாலும் இலவச வக்கீல் உண்டு, 1987 சட்டத்திலேயே இருக்கிறது. (ஆண்களுக்குப் பொதுவாக வருமான வரம்பு பார்ப்பார்கள்.) 15100-க்கு போன் செய்தும் கேட்கலாம்.

இலவசம் என்றால் ஏனோதானோ என்று இருக்கும் என நினைத்தேன். வந்த வக்கீல் அம்மா முதல் நாளே, மனு போட்டபின் ஆறு மாதம் காத்திருக்கச் சொல்வார்கள், ஆனால் பிரிந்து ஒன்றரை வருடம் தாண்டி, சமரசமும் பலிக்காமல், பணம், பிள்ளை விஷயமெல்லாம் பேசித் தீர்ந்திருந்தால் அந்த ஆறு மாதக் காத்திருப்பு வேண்டாம் என்று நீதிபதி விலக்கு தரலாம் என்று உச்ச நீதிமன்றமே 2017-ல் சொல்லியிருக்கிறது என்று விளக்கி, அதற்கும் தனியாக ஒரு மனு எழுதிவிட்டார். நகைக் கணக்கைக்கூட ஒப்பந்தத்தில் வரிவரியாக எழுத வைத்தார்.

குறை? போன் சட்டென்று எடுக்கமாட்டார். மத்தியானம் கோர்ட் வராந்தாவில் போய்ப் பிடிக்க வேண்டும், உட்கார பெஞ்சும் கிடைக்காது. கல்யாணப் பத்திரிகை, ஆதார், போட்டோ எல்லாம் இரண்டு செட் ஜெராக்ஸோடு போங்கள்.